செவ்வாய்க்கிழமைகளில் அடிபடுகிறவன்

என் ஸ்டெல்லாவுக்கு,

எங்கே இருந்தாலும் கொஞ்சம் உட்கார்ந்து கேள். உன் புருஷனுக்கு வேலை கிடைத்திருக்கிறது. இந்த வயதில்! அடிபட்டுக் கிடக்கிற வேலை.

சிரிக்காதே. வேலப்பன்சாவடி பக்கம் ஒரு மருத்துவக் கல்லூரியில், விபத்தில் சிக்கியவர்களுக்கு எப்படி வைத்தியம் பார்ப்பது என்று பிள்ளைகளுக்குச் சொல்லித் தருகிறார்கள். அதற்கு அடிபட்ட மாதிரி நடிக்க ஆள் வேண்டுமாம். ஒவ்வொரு செவ்வாயும் அம்பத்தூரிலிருந்து பஸ் பிடித்துப் போகிறேன். காலில் மெழுகு எலும்பு ஒட்டி, சிவப்புச் சாயம் ஊற்றுவார்கள். சாதாரணக் காய்ச்சலுக்கே கத்தித் தெருவைக் கூட்டுகிறேன் என்று திட்டுவாயே, இப்போது அதற்குத்தான் எனக்கு மரியாதை.

முதல் நாள் நான் போட்ட கத்தலில் பத்து மாணவர்களும் என்னைச் சூழ்ந்துகொண்டார்கள். என்னைப்போலவே நடிக்க வந்து, மூலையில் சத்தமில்லாமல் படுத்திருந்த இன்னொருவரை யாரும் பார்க்கவில்லை. பாடம் நடத்தும் ஹேமா டாக்டர் கைதட்டி நிறுத்தினார். "கத்துறவருக்கு மூச்சு இருக்கு. சத்தமே இல்லாதவர் இந்நேரம் செத்திருப்பாரு."

திவ்யா என்ற மாணவி அழுதேவிட்டாள். அப்புறம் என்னிடம் வந்து, "எனக்கு இது வராது அங்கிள். பதட்டத்துல கை ஓடமாட்டேங்குது," என்றாள்.

"அடுத்த வாரமும் நான் அடிபட்டுத்தாம்மா கெடப்பேன். நீ வா."

வந்தாள். வாராவாரம் வந்தாள்.

போன செவ்வாய், வகுப்பு முடிந்து நாங்கள் இருவரும் பஸ்ஸுக்கு நிற்கிறோம். கண்ணெதிரே ஒரு வேன் பைக்கை இடித்துவிட்டது. பின்னால் இருந்த பெண் கையைப் பிடித்துக்கொண்டு அலறினாள்; கூட்டம் அவளிடம் ஓடியது. திவ்யா எங்கே ஓடினாள் தெரியுமா? தடுப்புச் சுவர் ஓரம் அசையாமல் கிடந்தானே, பைக் ஓட்டி வந்தவன், அவனிடம்.

தொடையிலிருந்து ரத்தம் கொட்டுகிறது, ஸ்டெல்லா. சாயமில்லை, நிஜம். அவள் துப்பட்டாவை மடித்துக் காயத்தில் வைத்து, உடம்பு பாரத்தையெல்லாம் கையில் இறக்கி அழுத்தினாள். "அங்கிள், தலையப் புடிங்க! ஆட்டாம புடிங்க!"

ஓர் ஆட்டோக்காரர் ஓடிவந்து, "இன்னா மாமே, பாத்துகினு கீறே? தூக்கி வண்டில போடு," என்று அவன் காலைப் பிடித்தார்.

"தொடாத நைனா! டாக்டர் பொண்ணு சொல்றதக் கேளு. நூத்தியெட்டுக்குப் போன் போடு!" என்று நான் போட்ட சத்தத்தில் மனுஷன் கையை எடுத்துவிட்டார்.

ஆம்புலன்ஸ் வரும்வரை திவ்யா கையைக் காயத்தைவிட்டு எடுக்கவில்லை. அவன் தலையைப் பிடித்தபடி மண்டியிட்டதில், தார்ச்சாலையில் என் முழங்கால் பொசுங்கியது. அவன் முகத்தையே பார்த்துக்கொண்டு ஜெபம் சொன்னேன். பாதியில் மறந்துபோய், மறுபடி முதலிலிருந்து சொன்னேன்.

பிழைத்துவிட்டான்! நேற்று ஹேமா டாக்டர் சொன்னார். காலும் தப்பியதாம். கேட்டதும் திவ்யா என்னைக் கேன்டீனுக்கு இழுத்துக்கொண்டு போனாள். இருவரும் போண்டாவும் கேசரியும் சாப்பிட்டோம். சர்க்கரை இருப்பது ஞாபகம் இருக்கிறது, திட்டாதே.

நீ நெஞ்சைப் பிடித்துக்கொண்டு அடுப்படியில் சாய்ந்த அன்று, எனக்கும் ஏதாவது தெரிந்திருந்தால், நீ இன்று இருந்திருப்பாயா? யாரிடமும் கேட்டதில்லை. உன்னிடம்தான் கேட்கிறேன்.

ஒன்று முடிவு செய்துவிட்டேன். வருகிற ஞாயிறு பூசை முடிந்ததும், நம் மாதா கோயில் ஹாலில் திவ்யாவும் அவள் கூட்டாளிகளும் நம் தெரு ஜனங்களுக்கு இதையெல்லாம் சொல்லித் தரப்போகிறார்கள். ஃபாதர் சம்மதித்துவிட்டார். தரையில் படுக்கப்போவது நான்தான். உன் அண்ணன் முன்வரிசையில் உட்கார்ந்து சிரிப்பார். சிரிக்கட்டும். முதலில் அவரைத்தான் எழுப்பி என் காயத்தை அழுத்த வைப்பேன். சரியாக அழுத்தும்வரை விடமாட்டேன். இது உன்மேல் சத்தியம்.

உன் வீட்டுக்காரன்,
அந்தோணி