ஒரு விநாடி முன்னால்

பிப்ரவரி 11, ஞாயிறு

குளக்கரையில் ஏழு ட்ரைபாட். மீன்கொத்தி வந்தது நான்கே முறை. பேச்சு மட்டும் காலை ஏழிலிருந்து பதினொன்றுவரை ஓயவில்லை.

இன்றைய வழக்கு, பறவையின் கண்ணை எந்தக் கேமரா முதலில் பிடிக்கும் என்பது. டோகாஷி-சான் மருந்துக்கடை வைத்திருந்து ஓய்வு பெற்றவர், எழுபத்து நான்கு வயது. தன் வெள்ளை லென்ஸ் எத்தனை கிலோ என்று யாரும் கேட்காமலே சொல்வார். அவர் பிராண்டைத் தவிர மற்றதெல்லாம் அவருக்குப் பொம்மை. உங்கள் சென்சார் மெதுவாக வாசிக்கிறது, அதனால்தான் உங்கள் படத்தில் இறக்கை வாழைப்பழம் மாதிரி வளைகிறது, அளந்தே காட்டுகிறேன் என்றேன். அளவுக் கருவிகளைச் சோதிப்பதுதான் எனக்குச் சம்பளம் தரும் வேலை.

"அளந்து காட்டுங்க இன்ஜினியரே. அதுக்கு முன்னாடி, நீங்க வாங்கச் சொன்ன பெட்டியில குசுமி என்னத்தைப் புடிச்சாருன்னு காட்டுங்க."

எல்லோரும் சிரித்தார்கள். குசுமி-சானும் சிரித்தார். அதுதான் எரிந்தது.

குசுமி-சானுக்கு அறுபத்து மூன்று. முப்பத்தோரு வருடம் டாக்சி ஓட்டியவர். போன வருடத்துக்கு முந்தைய டிசம்பரில் மூளையில் சின்ன அடைப்பு; வலது கை கொஞ்ச நாள் சொன்ன பேச்சைக் கேட்கவில்லை. இப்போது பார்த்தால் தெரியாது. அன்றிலிருந்து விடுப்பில்தான் இருக்கிறார். என் பேச்சைக் கேட்டுப் பழைய கேமராவை விற்றுவிட்டு நான் வைத்திருக்கும் அதே மிர்ரர்லெஸ், அதே நீள ஜூம் வாங்கினார். ஆறு வாரமாக அவருக்குக் கிடைத்தது காலிக் கிளை, தண்ணீர் வளையம், ஒரு வால் நுனி.

"பெட்டி புதுசு, படம் பழசு" என்றார் டோகாஷி-சான்.

பிப்ரவரி 12, திங்கள் (விடுமுறை)

குசுமி-சான் கேமராவை வாங்கி வந்துவிட்டேன். "நீயே செட் பண்ணிக் குடு தம்பி. எனக்கு அந்த மெனுவைப் பாத்தாலே வருமானவரிப் படிவம் ஞாபகம் வருது."

பிப்ரவரி 13, செவ்வாய்

ஆட்டோஃபோகஸ் அடையாளம்: விலங்கு என்று கிடந்தது. பறவைக்கு மாற்றினேன். பகுதி: முழுச் சட்டத்திலிருந்து சின்னச் சதுரத்துக்கு. குறுக்கே நாணல் வந்தால் அதற்குத் தாவாதபடி, பிடித்ததை விடாமல் இருக்கும் அளவு: ஒன்று. கிட்டத்துப் பொருளுக்கு ஃபோகஸ் போகாதபடி லென்ஸில் பூட்டு. ஷட்டர் மூவாயிரத்து இருநூறு.

பிறகு இன்னொன்றும் செய்தேன். ப்ரீ-கேப்சர்.

பொத்தானைப் பாதி அழுத்தி வைத்திருக்கும்வரை கேமரா விநாடிக்கு முப்பது படம் எடுத்து எடுத்து அழித்துக்கொண்டே இருக்கும். முழுதாக அழுத்தியதும், அதற்கு முந்தைய ஒரு விநாடியையும் சேர்த்துக் கார்டில் எழுதிவிடும். அதாவது ஆள் தாமதமாக அழுத்தலாம். பறவை போன பிறகுகூட அழுத்தலாம். நான் இதைப் பயன்படுத்துவதில்லை. 'இது மீன் பிடிப்பதல்ல, கடையில் மீன் வாங்குவது' என்று குளக்கரையில் எல்லோர் முன்னாலும் சொன்னவன் நான்தான்.

அவரிடம் சொல்ல வேண்டாம், சொன்னால் குழம்புவார் என்று வைத்துக்கொண்டேன். சுத்தப் பொய். டோகாஷி வாயை மூட வேண்டும், அவ்வளவுதான். திரையில் ஒரு சின்னக் குறி வரும். கண்ணாடி போடாமல் அதை அவர் பார்க்க மாட்டார்.

பிப்ரவரி 18, ஞாயிறு

எடுத்துவிட்டார்.

அலகு நுனி தண்ணீரைத் தொடுகிறது, தண்ணீர் இன்னும் உடையவில்லை. கண் கத்தி மாதிரி கூர்மை. ஏழு பேரும் அவர் திரையைச் சுற்றிக் குனிந்தார்கள். டோகாஷி-சான் இரண்டு தடவை பெரிதாக்கிப் பார்த்துவிட்டு, "லைட்டு நல்லா இருந்துச்சு இன்னைக்கு" என்றார். அவர் வாயிலிருந்து வரக்கூடிய அதிகபட்சம் இது.

என்ன செட்டிங் என்று கேட்டார்கள். ஃபோகஸ் தொடரும் அளவை மாற்றினேன் என்றேன். உண்மையில் பாதி. மற்றப் பாதியைச் சொல்ல வாய் வரவில்லை, அவ்வளவு சந்தோஷமாக இருந்தது எனக்கு.

குசுமி-சான் காசு போடும் மெஷினிலிருந்து சூடாக ஒரு டின் காபி எடுத்து வந்து என் கையில் வைத்தார். தன் வலது கையை விரித்து மூடிப் பார்த்தார். "கை திரும்பிடுச்சு தம்பி" என்றார்.

என்ன சொல்கிறார் என்று எனக்குப் புரியவில்லை.

பிப்ரவரி 24, சனி

இன்று புரிந்தது.

வண்டி ஓட்டலாம் என்று டாக்டர் போன இலையுதிர் காலத்திலேயே எழுதிக் கொடுத்துவிட்டாராம். கம்பெனி வைக்கும் சோதனையோ, பயிற்சியாளர் பக்கத்தில் உட்கார்ந்து முற்றத்துக்குள் ஒரு சுற்று. "இருபதுல உருட்டுறது. அதுல யாரு ஃபெயிலாவான். டாக்டர் கையெழுத்துப் போட்டாச்சு, நான்தான் இன்னும் போடல." தன் கையைத் தானே நம்பவில்லை. அதற்காக ஒரு பரீட்சை வைத்துக்கொண்டிருக்கிறார்: பாயும் மீன்கொத்தியைச் சரியான நேரத்தில் அழுத்த முடிந்தால், குறுக்கே ஓடி வரும் குழந்தைக்கு பிரேக்கையும் அழுத்த முடியும். ஐந்து முறை பிடித்துவிட்டால் மறுபடி வண்டி கேட்டு மனு கொடுப்பது என்று கணக்கு.

இன்று ஐந்தாவது.

"ஏப்ரல் ஒண்ணுலேர்ந்து வண்டி. முதல் சவாரி உனக்குத்தான், மீட்டர் போட மாட்டேன்" என்றார்.

வாழ்த்துகள் என்றேன். வேறென்ன சொல்வது? வேறென்ன சொல்ல வேண்டும் என்று தெரியும். சொல்லவில்லை.

பிப்ரவரி 25, ஞாயிறு

குளத்துக்குப் போகவில்லை. தலைவலி என்று செய்தி அனுப்பினேன். தலைவலி இல்லை.

மார்ச் 3, ஞாயிறு

பெரிதாகப் பிரிண்ட் போட்டுத் தருகிறேன் என்று அவர் கார்டைப் பிரதி எடுத்து வந்தேன். அளந்தேன்.

ஒவ்வொரு தொடரிலும் முதல் முப்பது படம் அவர் அழுத்துவதற்கு முந்தைய விநாடி. பறவை கிளையை விடும் படம் எத்தனையாவது என்று பார்த்தால், அதற்கும் அவர் அழுத்தியதற்கும் எவ்வளவு இடைவெளி என்பது வந்துவிடும். பதினொரு பாய்ச்சல். சராசரி இருபத்திரண்டு படம். முக்கால் விநாடிக்குக் கொஞ்சம் குறைவு. என் கேமராவிலும் அதை ஆன் செய்து காலையில் ஆறு பாய்ச்சல் எடுத்திருந்தேன். என் சராசரி எட்டு.

பதினான்கு படம் வித்தியாசம். நாற்பது கிலோமீட்டர் வேகத்தில் ஐந்து மீட்டர். பாதசாரிகள் கடக்கும் கோட்டின் அகலமே நான்கு மீட்டர்தான்.

அந்த முதல் படம், அலகு தண்ணீரைத் தொடும் படம்: அவர் விரல் அழுத்தியபோது பறவை தண்ணீருக்குள் போயாகிவிட்டது. அவர் பார்த்து அழுத்தியது வளையத்தை.

ஆபீசில் ஒரு கருவி இப்படிப் பொய் காட்டினால் நான் என்ன எழுதுவேன்? சிவப்பு மையில், பெரிய எழுத்தில். கருவியைச் செய்தவன் மூஞ்சிக்கு நேரே படித்தும் காட்டுவேன். அதில் எனக்கு ஒரு பெருமை வேறு.

மார்ச் 9, சனி

சொல்லத்தான் போனேன். அவர் மனைவி யாசுயோ-சான் குளக்கரைக்கு வந்திருந்தார். எல்லோருக்கும் சோற்று உருண்டை, உள்ளே உப்புப் போட்ட பிளம்.

"டாக்சிக்குன்னு வெள்ளைக் கையுறை ஆறு ஜோடி வாங்கிட்டாரு. வீட்டுக்குள்ளயே போட்டுக்கிட்டு நடக்குறாரு, திருடன் மாதிரி" என்று சிரித்தார். பிறகு என் பக்கம் திரும்பி, குரலைத் தணித்து, "ராத்திரி தூங்குறாரு இப்பல்லாம். ஒரு வருஷமா தூங்கல. உங்களாலதான்" என்றார்.

சோற்று உருண்டை இரண்டு தின்றேன். தின்றுவிட்டு வந்தேன்.

மார்ச் 16, சனி

மென்பொருள் புதுப்பிக்கிறேன் என்று கேமராவை வாங்கி, ஐந்து நிமிடத்தில் ப்ரீ-கேப்சரை அணைத்துக் கொடுத்தேன்.

அவராகவே தெரிந்துகொள்வார். அவராகவே முடிவெடுப்பார். நான் எதுவும் சொல்ல வேண்டியதில்லை.

எழுதிப் பார்க்கும்போதே கேவலமாக இருக்கிறது.

மார்ச் 17, ஞாயிறு

எட்டுப் பாய்ச்சல். எட்டும் காலிக் கிளை.

அவர் தன் கையைச் சந்தேகப்படவே இல்லை. கேமராவைச் சந்தேகப்படுகிறார்.

"ஆட்டோஃபோகஸ் மோட்டார் போயிடுச்சு போல" என்றார். டோகாஷி-சானுக்குத் திருவிழா. "நான் அப்பவே சொன்னேன். மூணு மாசப் பெட்டி. எங்க கம்பெனி லென்ஸைப் படியில உருட்டினாலும் எடுக்கும்."

"என் கை சரியாத்தான் இருக்கு. அஞ்சு தடவ பாத்தாச்சே" என்று குசுமி-சான் என்னைப் பார்த்தார். "நீ சொல்லு தம்பி. மெஷின்தானே?"

பார்க்கிறேன் என்றேன்.

டேய். பார்க்கிறேனாம். இன்னும் பதினைந்து நாள் இருக்கிறது. என்னத்தைப் பாக்கப் போற? அந்தாள் யாரையாவது இடிச்சதுக்கு அப்புறம் பேப்பர்லயா?

மார்ச் 20, புதன் (விடுமுறை)

சொல்லிவிட்டேன்.

மழை. குளத்தில் வேறு யாரும் இல்லை. படகுக் கொட்டகைக் கூரையின் கீழ் நின்றோம்.

"கேமரால ஒரு கோளாறும் இல்ல குசுமி-சான்."

"அப்ப?"

நோட்டில் கோடு போட்டு விளக்கினேன். இங்கே கிளையை விடுகிறது, இங்கே தண்ணீர், இங்கே உங்கள் விரல். பாதியில்தான் கவனித்தேன், ஆபீஸ் கூட்டத்தில் பேசும் அதே குரலில் பேசிக்கொண்டிருந்தேன்.

அவர் கண்ணாடியை எடுத்துப் போட்டுக்கொண்டு பார்த்தார்.

"இந்த இருபத்திரண்டு நானு. இந்த எட்டு?"

"நான்."

"அஞ்சு மீட்டர்னு போட்டிருக்க."

"நாப்பதுல போனா."

"மழையில?"

"இன்னும் கூட."

தலையாட்டினார். அது எனக்குத் தெரியாதா என்பது மாதிரி.

"அப்ப அந்தப் படங்க?"

"கேமரா எடுத்தது" என்றேன். ஃபோகஸ் பிடித்து வைத்திருந்தது அவர் கைதான், ஒரு மணி நேரம் அசையாமல் குறி பார்த்ததும் அவர்தான். அதைச் சொல்லியிருக்கலாம். அதுவும் உண்மைதானே. தோன்றவில்லை. வீட்டுக்கு வந்து ஷூவைக் கழற்றும்போது தோன்றியது.

"டோகாஷி வாயை அடைக்கத்தானே செஞ்ச?"

"ஆமா."

"அதுக்கு என் வண்டிதான் கெடச்சுதா உனக்கு."

குரல் உயரவே இல்லை. நோட்டுத் தாளைத் தானே கிழித்து, நான்காக மடித்துச் சட்டைப் பையில் வைத்தார். லென்ஸைத் துடைத்து மூடினார். "யாசுயோகிட்ட நான் சொல்லிக்கிறேன். நீ வீட்டுப் பக்கம் வந்துடாத" என்றுவிட்டு மழையில் போனார். குடை என் கையில் இருந்தது. கொடுக்கவில்லை. கொடுத்திருந்தால் வாங்கியிருக்க மாட்டார் என்று இப்போது சமாதானம் சொல்லிக்கொள்கிறேன்.

மார்ச் 24, ஞாயிறு

வரவில்லை.

மார்ச் 31, ஞாயிறு

வரவில்லை. அவர் இடத்தில் யாரும் ட்ரைபாட் வைக்கவில்லை.

ஏப்ரல் 1, திங்கள்

ஸ்டேஷனிலிருந்து ஆபீஸ்வரை, போன ஒவ்வொரு டாக்சியிலும் ஓட்டுநர் முகத்தைப் பார்த்துக்கொண்டே நடந்தேன். சிக்னலில் ஒரு ஓட்டுநர் கதவைத் திறந்துவிட்டார், ஏறப் போகிறேன் என்று நினைத்து. மன்னிப்புக் கேட்டேன்.

ஏப்ரல் 7, ஞாயிறு

குளக்கரையில் எல்லோர் முன்னாலும் நடந்ததைச் சொன்னேன். ப்ரீ-கேப்சர், ஐந்து படம், மனு, எல்லாம்.

டோகாஷி-சான் ஃபிளாஸ்க் மூடியைத் திருகித் திருகி மூடினார்.

"என் பெட்டியிலயும் அது ஆன்லதான் இருக்கு. ரெண்டு வருஷமா" என்றார் கடைசியில்.

என்னைவிட மற்றவர்கள்தான் அதிகம் திகைத்தார்கள். ஒருவர், "யோவ், போன வருஷம் நகராட்சிக் காலண்டர்ல வந்த படம்?" என்றார்.

"அதுவும்தான். எழுபத்து நாலு வயசுல எனக்கு எங்கேர்ந்துய்யா வரும் அந்த வேகம்." பிறகு என்னைப் பார்த்தார். கொஞ்சம் லேசாக உணர ஆரம்பித்திருந்தேன் போல, அது முகத்தில் தெரிந்திருக்க வேண்டும். "ரொம்ப நிம்மதியாயிடாத தம்பி. நான் இந்தக் கைய வச்சு யாரையும் பின்சீட்டுல ஏத்திக்கிட்டுப் போகல."

ஏப்ரல் 14, ஞாயிறு

மூன்று நாள் யோசித்துவிட்டுப் போன் செய்தேன். யாசுயோ-சான் எடுத்தார்.

"அவரு இல்ல. கம்பெனிக்குப் போயிருக்காரு."

கம்பெனிக்கு எதற்கு என்று கேட்டேன்.

"அதை அவரே சொல்லுவாரு, சொல்லணும்னு தோணுச்சுன்னா" என்றார். மரியாதையாகத்தான் வைத்தார் போனை.

ஓட்டுகிறாரா? நான் சொன்ன பிறகுமா? சொன்னவன் யார் என்று பார்த்து, சொன்னதையும் சேர்த்துத் தள்ளிவிட்டாரோ?

ஏப்ரல் 28, ஞாயிறு

வரவில்லை. மீன்கொத்திக் குஞ்சு மூன்று வெளியே வந்திருக்கிறது. எடுக்கவில்லை.

மே 12, ஞாயிறு

எட்டு மணிக்கு வந்தார். கார் நிறுத்துமிடம் கிழக்கே. அவர் மேற்கு வாசல் வழியாக, ட்ரைபாடைத் தோளில் சாய்த்துக்கொண்டு, மூச்சு வாங்க நடந்து வந்தார். தன் பழைய இடத்தில் வைக்கவில்லை. டோகாஷி-சானுக்கு அந்தப் பக்கம் வைத்தார். எங்கள் இருவருக்கும் நடுவில் அந்த வெள்ளை லென்ஸ்.

"எங்கய்யா போயிட்ட இத்தனை நாளு?" என்றார் டோகாஷி-சான்.

"கம்பெனிக்குத்தான். போன் ரூம்ல உக்கார வச்சுட்டாங்க. எந்த வண்டி எங்க போகணும்னு சொல்ற வேலை. முப்பத்தோரு வருஷமா மைக்ல யாரைத் திட்டுனேனோ, அதே நாற்காலி."

"திட்டுறாங்களா?"

"நேத்து ஒருத்தன் கெழவான்னான். நான் கத்துக்குடுத்த பய."

எல்லோரும் சிரித்தார்கள். நான் என் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

பறவை இரண்டு முறை பாய்ந்தது. இரண்டு முறையும் தண்ணீர் உடைந்த சத்தம் கேட்டு, அதற்குப் பிறகு அவர் ஷட்டர் சத்தம் கேட்டது. சத்தம் வரும் ஷட்டரில் ப்ரீ-கேப்சர் வேலை செய்யாது. அவர் மெனுவுக்குள் போய் அதைத் தானே மாற்றியிருக்கிறார். படம் எப்படி என்று டோகாஷி-சான்கூடக் கேட்கவில்லை.

பஸ்ஸுக்குப் போகப் பத்து மணிக்கு நான் பையைக் கட்டினேன். அவர் பின்னால்தான் போக வேண்டும், வேறு வழி இல்லை. தலை குனிந்து கடந்தேன்.

"மினோவா."

நின்றேன். தம்பி என்று கூப்பிடவில்லை, என் பெயரைச் சொன்னார்.

"ஸ்டேஷனுக்கு பஸ் எத்தனை மணிக்கு?" குளத்திலிருந்து கண்ணை எடுக்காமல் கேட்டார். இந்த ஊரின் எந்தச் சந்து எங்கே முடியும் என்று தெரிந்த மனிதர். "எனக்கு இந்த பஸ் கணக்கே தெரியல."

"பத்து இருபதுக்கு ஒண்ணு. அதை விட்டா பத்து ஐம்பது."

"பத்து ஐம்பது" என்று ஒருமுறை சொல்லிப் பார்த்துக்கொண்டார். பிறகு கண்ணை வ்யூஃபைண்டரில் வைத்தார்.