சேனை வைப்பதற்கு முன்

விக்கிரமங்கலம்,
ஞாயிறு மதியம்.

அன்பு மகள் வெற்றிச்செல்விக்கு அம்மா எழுதுவது. நானும் அப்பாவும் இங்கே நல்லபடியாக இருக்கிறோம், நீயும் மாப்பிள்ளை மணிவண்ணனும் உன் வயிற்றில் இருக்கும் உயிரும் ஒரு குறையும் இல்லாமல் இருக்க நம் மாரியம்மன் பார்த்துக்கொள்ளட்டும். தினமும் போனில் பேசுகிறோம், இதில் கடிதம் எதற்கு என்று சிரிப்பாய். போனை எடுத்தாலே உன் அப்பா ஸ்பீக்கரில் போடு என்று பக்கத்தில் வந்து உட்கார்ந்துவிடுகிறார், அவர் காதில் விழாமல் உன்னிடம் ஒன்று சொல்ல வேண்டியிருக்கிறது. அவர் ரயில் ஏறுவதற்குள் இது இந்தூருக்கு வந்து சேர்ந்துவிடும் என்று போஸ்ட் ஆபீஸில் சொன்னார்கள், நம்பித்தான் எழுதுகிறேன். கால் வீக்கம் வடிந்ததா? உப்பைக் குறை, ஊறுகாய்ப் பக்கமே போகாதே, மாடிப்படியில் அவசரமாக இறங்காதே. தலைப்பிரசவத்துக்கு மகளைக் கூட்டிவரவில்லையா என்று இங்கே பார்க்கிறவர்கள் எல்லாம் துக்கம் விசாரிக்கிற மாதிரி கேட்கிறார்கள், அவ்வளவு தூரம் ரயிலில் வரக் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார் என்று பதில் சொல்லிச் சொல்லி எனக்கு வாய்தான் வலிக்கிறது.

அப்பாவுக்கு முட்டிவலி தவிர ஒன்றுமில்லை. நான் அரியலூரில் படிக்கப் போவதைப் பற்றி வழியில் போகிறவனை எல்லாம் நிறுத்தி, எங்க வூட்டு டாக்டரம்மா பஸ்ஸுக்கு நிக்கிறாங்க என்று சொல்லி மானத்தை வாங்குகிறார். டாக்டரும் இல்லை ஒன்றும் இல்லை, ஆடு மாடுகளுக்கு நர்ஸ் வேலை, டாக்டர் வருவதற்கு முன்னும் போன பிறகும் பார்க்க வேண்டியதை எல்லாம் சொல்லிக் கொடுக்கிறார்கள். இந்த வயதில் எனக்குப் பச்சைக் கோட்டும் முட்டி வரை ரப்பர் பூட்ஸும். சுண்ணாம்புக்கல் லாரிகள் கிளப்புகிற புழுதியை எல்லாம் தின்றுகொண்டு போய் இறங்கினால், முதல் பாடமே மாட்டைத் தொடாதே, தள்ளி நின்று பார் என்பதுதான். காது தொங்குகிறதா, மூக்கு ஈரமாக இருக்கிறதா, அசை போடுகிறதா. இத்தனை வருஷம் மாட்டோடு கிடந்தவள், நின்று பார்த்ததே இல்லை என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. பிறகு வாலடியில் நாடி பார்ப்பது, இடது விலாவுக்குப் பின்னால் இருக்கிற பள்ளத்தில் முஷ்டியை வைத்து அழுத்தி வயிறு புரள்கிறதா என்று பார்ப்பது, தெர்மாமீட்டர் வைப்பது. அதை எங்கே வைப்பது என்று உனக்குச் சொல்ல வேண்டியதில்லை. முதல் தடவை நான் நுனியைப் பிடித்துக்கொள்ளாமல் விட்டுவிட்டேன், உள்ளே போய்விட்டது, வகுப்பே விழுந்து விழுந்து சிரித்தது.

போன மாதம் எங்களை வேப்பந்தட்டைப் பக்கம் குருநாதன் என்பவர் வீட்டுக் கொட்டகைக்குக் கூட்டிப் போனார்கள். முந்தின நாள் சாயங்காலம் அவர் பசு கன்று போட்டிருந்தது, இளங்கொடி, அதுதான் நஞ்சு, விழவில்லை. கொடி விழாமல் கன்றைப் பால் குடிக்க விட்டால் கொடி உள்ளேயே தங்கிவிடும் என்று நம் பக்கம் எல்லோரும் செய்வதைத்தான் அவரும் செய்திருந்தார். கன்றைத் தனியே கட்டிப்போட்டு, நாங்கள் போன உச்சிப்பொழுது வரை கொடிக்காகக் காத்துக்கொண்டிருந்தார். எங்களுக்குப் பாடம் எடுக்கிற டாக்டர் அருள்முருகன் கோபப்பட்டு நான் பார்த்ததில்லை, அன்றைக்குக் குரலை உயர்த்தினார். கொடி விழறதுக்கும் பால் குடிக்கிறதுக்கும் சம்பந்தமே இல்லீங்க, கன்னு ஒண்ணுமே இல்லாம பொறக்குது, நோயைத் தாங்குற சக்தி பூரா சீம்பால்லதான் இருக்கு, பொறந்த கையோட குடுத்தாத்தான் அது ஒடம்புல சேரும் என்றார். கொஞ்சம் கறந்து கண்ணாடி டம்ளரில் எங்களுக்குக் காட்டினார், மஞ்சளாக, கெட்டியாக இருந்தது. என்னைக் கூப்பிட்டு, கன்னு வாயில வெரலை வச்சுப் பாருங்கம்மா, சப்புதா என்றார். நல்ல கன்று விரலைப் பிடித்து இழுக்க வேண்டும். இதன் வாய் சில்லிட்டிருந்தது. நாக்கு என் விரலைச் சுற்றி ஒரு தடவை லேசாக அசைந்தது, பிறகு நின்றுவிட்டது. குழாய் போட்டுச் சீம்பாலை உள்ளே இறக்கினோம், சாக்குப் போட்டு மூடிச் சூடு பண்ணினோம். எழுந்துகூட நின்றது, ஆனால் அந்த வாரமே கழிச்சல் கண்டு செத்துப்போனது என்று பிறகு சொன்னார்கள்.

உனக்கு முன்னால் ஒரு அண்ணன் பிறந்து தங்கவில்லை என்று உனக்குத் தெரியும். ஏன் என்று நீயும் கேட்டதில்லை, எனக்கும் சொல்லத் தெரிந்ததில்லை. இந்த வீட்டில்தான் பிறந்தான், தெருவுக்கே கேட்கிற மாதிரி அழுதான். முதலில் வருகிற மஞ்சள் பால் கெட்ட பால், பிள்ளைக்கு ஆகாது என்று கூட இருந்த பெண்கள் சொன்னார்கள், அப்போது எல்லா வீட்டிலும் அப்படித்தான். நானும் பீய்ச்சிப் பீய்ச்சி முருங்கை மரத்தடியில் ஊற்றினேன். டாக்டர் டம்ளரில் காட்டிய அதே நிறம். வெள்ளைப் பால் வருகிற வரைக்கும் அவனுக்குச் சர்க்கரைத் தண்ணீர்தான், முதல் சொட்டு உன் அப்பா வைத்தார். நல்ல குணமுள்ளவர் கையால் சேனை வைத்தால் பிள்ளைக்கும் அந்தக் குணம் வரும் என்பார்களே, சாமிதுரையை விட நல்லவன் யார் இருக்கா என்று எல்லோரும் அவரைத்தான் வைக்கச் சொன்னார்கள். சர்க்கரைத் தண்ணீரில் விரலை நனைத்து நாக்கில் வைத்தார், அவன் விரலை விடவில்லை, என்னா இழுப்பு இழுக்குறான் பாரு என்று அப்பா சிரித்தார். வெள்ளைப் பால் வந்தபோது அவனுக்குச் சப்பத் தெம்பில்லை. கழிச்சல், பிறகு காய்ச்சல். நான் என் விரலை அவன் வாயில் வைத்துப் பார்த்தேன் செல்வி. பெயர் வைக்கும் முன்பே போய்விட்டான்.

அந்தக் கொட்டகையிலிருந்து திரும்பிய நாள் முதல் அவன் என்னோடுதான் இருக்கிறான். அம்மாவுக்குப் பேய் பிடித்துவிட்டது என்று நினைக்காதே. இத்தனை வருஷத்தில் முகம்கூட மங்கிப்போயிருந்தது, இப்போது காது மடல் வரைக்கும் தெரிகிறது. எத்தனை தடவை சோப்புப் போட்டுக் கழுவினாலும் விரலில் அந்த ஒரு அசைவு போக மாட்டேன் என்கிறது. பஸ்ஸில் யார் குழந்தையாவது அழுதால் இந்த வயதில் எனக்கு மாரில் பால் கட்டின மாதிரி வலிக்கிறது, நனைந்திருக்குமோ என்று முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொள்கிறேன். முருங்கை எப்போதோ காற்றில் சாய்ந்துவிட்டது, அந்த இடத்தில் இப்போது துணி துவைக்கிற கல்தான் கிடக்கிறது, ஆனாலும் பட்டப்பகலில்கூட அதைச் சுற்றிக்கொண்டுதான் போகிறேன். தாங்க முடியாமல் டாக்டரிடம், எங்க ஊர்ல ஒரு பொம்பளைக்கு இப்படி ஆச்சுங்க, சீம்பால் குடுக்காததாலதான் பிள்ளை போச்சா என்று கேட்டேன். அப்படிச் சொல்லிட முடியாதுங்கம்மா, மனுசப் பிள்ளைக்குத் தாய் வயித்துலயே கொஞ்சம் சக்தி வந்துடும், கன்னு மாதிரி இல்லை, தண்ணி சுத்தமில்லாம இருந்திருக்கலாம், வேற எதுவாவும் இருக்கலாம், இப்ப யாராலயும் சொல்ல முடியாது என்றார். பிறகு கையைக் கழுவிக்கொண்டே, இனிமே அந்த வீட்டுல பொறக்கிற பிள்ளைக்குப் பொறந்ததும் தாய்ப்பால்தான் குடுக்கணும், வேற ஒரு சொட்டும் வேணாம்னு அந்தம்மாகிட்டச் சொல்லிடுங்க என்றார். அந்தம்மா யார் என்று அவருக்குத் தெரிந்துவிட்டதோ என்னவோ, என் முகத்தைப் பார்க்காமல்தான் சொன்னார். ஆமாம் என்றோ இல்லை என்றோ ஒரே பேச்சாகச் சொல்லியிருந்தால் ஒரு நாள் அழுது தீர்த்திருப்பேன்.

நீ பிறந்தது அரியலூர் பெரிய ஆஸ்பத்திரியில். அங்கே இருந்த நர்ஸம்மா என்னை ஒரு அதட்டு அதட்டி, துடைத்த கையோடு உன்னைத் தூக்கி என் மாரில் போட்டுவிட்டாள். அப்பா பஸ் கிடைக்கவில்லை என்று சாயங்காலம்தான் வந்தார். யாரும் சேனை வைக்கலை, அதான் இவளுக்கு இந்தப் பிடிவாதம் என்று இன்றைக்கும் உன்னைச் சொல்லிக்கொண்டிருக்கிறாரே, அன்றைக்குப் பஸ் கிடைக்காமல் இல்லை. அவர் ஸ்டாண்டில் சும்மா உட்கார்ந்திருந்ததை உன் மாமா பார்த்திருக்கிறார். உன் அண்ணனைப் புதைத்துவிட்டு வந்து வாசலில் நின்றவர், என் கை ராசியில்லாத கையா முத்தாயி என்று கேட்டார். அப்படில்லாம் இல்லீங்க என்றேன். அதோடு சரி, அந்தப் பேச்சை அவரும் எடுக்கவில்லை, ஆனால் சொந்தத்தில் எந்தக் குழந்தைக்குக் கூப்பிட்டாலும் சேனை வைக்கப் போனதே இல்லை. இப்போது உன் பிள்ளைக்கு வைக்கப் போகிறேன் என்று அவராகவே சொல்கிறார். ஜெயங்கொண்டத்தில் கற்கண்டு வாங்கி வைத்திருக்கிறார், நான் பாத்திரம் கழுவும்போது பார்த்தால் தன் விரல் நகத்தை ஒட்ட வெட்டிக்கொண்டிருக்கிறார். எனக்குப் பரீட்சை இருப்பதாலும் நம் பசு சினையாக நிற்பதாலும் அவர் முன்னால் வருகிறார், நான் பரீட்சை முடிந்த மறுநாள் கிளம்பிவிடுவேன், ஆனால் உனக்கு வலி அதற்கு முன்பே கண்டுவிட்டால் அங்கே நான் இருக்க மாட்டேன்.

அதனால் மாப்பிள்ளையிடம் சொல்லி, தண்ணீரோ சர்க்கரையோ குழந்தை வாயில் யாரும் எதுவும் வைக்கக் கூடாது என்று அங்கே இருக்கிற நர்ஸை விட்டு அப்பாவிடம் கண்டிப்பாகச் சொல்ல வைத்துவிடு. இந்தியில் சொன்னால்கூடப் போதும், வெள்ளைக் கோட்டைப் பார்த்தால் அவர் எதிர்த்துப் பேச மாட்டார். வெளியே வந்து இது என்ன ஆஸ்பத்திரி, இவர்கள் என்ன மனுசர்கள் என்று திட்டித் தீர்ப்பார், திட்டிவிட்டுப் போகட்டும், அவர் கோபம் ஆஸ்பத்திரி மேலேயே இருக்கட்டும். நான் படித்த இந்தப் பாடம் அவர் காதுக்குப் போகவே கூடாது. போனால் அந்தக் கையை வைத்துக்கொண்டு அவர் மிச்ச நாளை எப்படிக் கழிப்பார்? எனக்குள் இருப்பது எனக்குள்ளேயே இருக்கட்டும், நான் பழகிக்கொள்வேன்.

சுகப்பிரசவமாகி நீயும் பிள்ளையும் நூறு வருஷம் நன்றாக இருக்க வேண்டும். மாப்பிள்ளையைக் கேட்டதாகச் சொல், வேலை வேலை என்று சாப்பிடாமல் கிடக்க வேண்டாம் என்று சொல். இதைப் படித்ததும் கிழித்துப் போட்டுவிடு. குழந்தை பிறந்ததும் முதலில் உன் மாரில் போடு, வயிறு நிறையக் குடிக்கட்டும். பிறகு அப்பாவைக் கூப்பிட்டு அவர் கையில் கொடு, வாங்காமல் பின்னால் தள்ளி நின்றால் நீயே பிடித்துக் கொடு.

உன் அம்மா,
சா. முத்தாயி.