பள்ளத்தெருவுக்குத் தண்ணீர் வராத இரண்டு நாள்

பள்ளத்தெரு
ஜூலை 6

மாப்பிள்ளைக்கு,

கும்பிட மனசில்லை, மரியாதைக்குக் கும்பிட்டதாக வைத்துக்கொள்ளுங்கள். நான் சொல்லச் சொல்ல எதிர்வீட்டுத் தையல்காரர் எழுதுகிறார்.

காலரா எப்படிப் பரவியது என்று கம்ப்யூட்டரில் கணக்குப் போட்டு, உங்கள் மாமியார் மூடாமல் வைத்த பானையிலிருந்துதான் தெருவுக்கே தொற்றியது என்று சுகாதார ஆபீஸ் அறிக்கையில் எழுதியிருக்கிறீர்களாம். செத்தவள் வந்து பதில் சொல்ல மாட்டாள் என்கிற தைரியம்.

தினமும் தண்ணீர் விட்டதாகப் பதிவேட்டில் எழுதியவர் குடிநீர் ஆபீஸ் மேஸ்திரி. நான் அதன் கீழே கைநாட்டு வைத்தவன். ஆனால் வால்வைத் திருகியவன் நான். ஜூன் எட்டு திங்கள், ஒன்பது செவ்வாய், பள்ளத்தெருவுக்குச் சொட்டுத் தண்ணீர் இல்லை. புதன் காலை ஐந்தே முக்காலுக்குத் திறந்தேன், கலங்கலாக வந்தது. வெள்ளிக்கிழமை அவள் படுத்தாள். அன்றைக்கே தையல்காரர் வீட்டில் இரண்டு பேர், மூலைவீட்டில் மூன்று பேர். எல்லாரும் ஒரே பானையிலா வாய் வைத்தோம்? இதை உங்கள் கணக்கில் போட்டுப் பாருங்கள்.

மாமனார் (கைநாட்டு)

மேல்தெரு
ஜூலை 9

மாமாவுக்கு,

பகைக்காக நான் எதையும் எழுதவில்லை. கையில் கிடைத்த பதிவேட்டைத்தான் போட்டேன். இப்போது உங்கள் தேதிகளைப் போட்டதும், நோயாளிகளின் எண்ணிக்கையோடு ஒட்டாமல் நின்ற கணக்குக் கோடு அச்சாகப் பொருந்துகிறது. அத்தையின் பானை பற்றிய வரியை எடுத்துவிட்டேன்.

சந்தோஷப்படாதீர்கள். இரண்டு நாள் காலியாகக் கிடந்த குழாய்க்குள் விரிசல் வழியாகச் சாக்கடை இறங்கியிருக்கிறது. அந்த இரண்டு நாளும் மேல்தெருவில், எங்கள் வீடு உட்பட, இராப்பகலாகத் தண்ணீர். வால்வு உங்கள் கையில். மேல்தெருவை மூடிப் பள்ளத்தெருவுக்கு ஏன் மாற்றித் திறக்கவில்லை? அறிக்கையில் 'காரணம்' என்ற இடம் காலியாக இருக்கிறது. திங்களன்று அனுப்ப வேண்டும்.

மாப்பிள்ளை

பள்ளத்தெரு
ஜூலை 11

மாப்பிள்ளைக்கு,

உங்கள் கடிதத்தைப் படித்துக்காட்டிய தையல்காரர் பாதியில் நிறுத்தி என் முகத்தைப் பார்த்தார். "படிச்சு முடிய்யா, அப்புறம் திட்டிக்கோ" என்றேன்.

அந்தத் திங்களுக்கு முந்தின ஞாயிறு சாயங்காலம் உங்கள் மனைவி போன் செய்தாள். "அப்பா, இவரோட ஆபீஸ்காரங்க தங்க வர்றாங்க. ரெண்டு நாளைக்கு மேல்தெருவை மூடிடாதீங்கப்பா." உங்கள் விருந்தாளிகள்தான். எத்தனை வாளி மொண்டு ஊற்றிக்கொண்டார்களோ! நான் யோசித்தேன். "புள்ள கேக்குது, விடுங்களேன்" என்று அடுப்படியிலிருந்து சொன்னவள் உங்கள் மாமியார்.

இது என் மகளுக்குத் தெரியக் கூடாது. நீங்கள் என் வாசல் பக்கம் வரவும் வேண்டாம். குழாயை மாற்றச் சொல்லுங்கள். 'காரணம்' என்ற இடத்தில், கிழவனுக்கு ஞாபகமறதி, வால்வைத் திருக மறந்துவிட்டான் என்று எழுதுங்கள்.

கீழே கைநாட்டு வைத்திருக்கிறேன்.