கை படித்த மாத்திரை

என்னங்க,

நேரில் சொன்னால் குரலை உயர்த்துவீர்கள், அதனால் எழுதுகிறேன். நம் மருந்துக்கடையை விலைக்குக் கேட்பவர் இன்று மாலை பதிலுக்கு வருவார். "நல்லா ஓடுற கடையை எவனாவது விப்பானா? ரெண்டு வருஷம் போகட்டும்" என்கிறீர்கள். கணக்கு எழுதுகிறவள் நான். கடை நன்றாகத்தான் ஓடுகிறது.

நேற்று அலமாரியைத் துடைத்தபோது சர்க்கரை மாத்திரையையும் ரத்த அழுத்த மாத்திரையையும் இடம் மாற்றி வைத்துவிட்டேன். நீங்கள் பழைய இடத்திலேயே கையை விட்டு எடுத்து, சர்க்கரை மாத்திரை கேட்டு வந்த தச்சரிடம் நீட்டினீர்கள். "பேரைப் பாத்தீங்களா?" என்றேன்.

"என் கையே படிக்கும்டி!"

தச்சரும் சேர்ந்து சிரித்தார். அவர் தெருமுனை தாண்டுவதற்குள் ஓடிப்போய்ப் பெட்டியை மாற்றிக் கொடுத்தேன். வழியெல்லாம் கடவுளைத்தான் கூப்பிட்டேன்.

இன்றுவரை உங்களிடம் மருந்து வாங்கிய யாருக்கும் ஒன்றும் ஆனதில்லை. அந்தப் பெயரோடு இப்போதே கொடுத்துவிடலாம். மாலையில் நீங்களே சரி என்று சொன்னால்தான் அழகு. சொல்லாவிட்டால், நான் சொல்லிவிடுவேன்.

பக்கத்துக்கு நாலு வரிதானா என்று கோபிக்காதீர்கள். இவ்வளவு பெரிய எழுத்தில் எழுதினால், யாரையும் கூப்பிட்டுப் படிக்கச் சொல்ல வேண்டியிருக்காதே என்றுதான்.

உங்கள் வீட்டுக்காரி