பால் காய்ச்சுமுன் நுழைந்தவள்

12 ஜூன் 1964, வெள்ளி இரவு

குவீன்ஸ்டவுன் அடுக்குமாடியில் எங்கள் புது வீட்டில் இன்று பால் காய்ச்சினோம். சந்தையில் கண்டெடுத்து வளர்க்கும் இரண்டு குட்டை நாய்களில் பொம்மிக்குக் கண் தெரியாது. "கூட்டம் வர்றதுக்கு முன்னாடி அவள உள்ள விடுங்க, சுவரெல்லாம் மோந்து பழகிக்கட்டும்" என்று நாய் டாக்டர் சொல்லியிருந்தார். அவர் பேச்சை நான் தட்டியதில்லை. அவளைத்தான் முதலில் விட்டேன்.

நாத்தனார் வாசலிலேயே நின்றுவிட்டாள்.

"மாடு நுழைய வேண்டிய வீட்டுல நாயா, அண்ணி? வேற நாள் பார்த்து மறுபடி காய்ச்சுங்க."

"ஏழாவது மாடிக்கு மாட்ட நீ ஏத்து, காய்ச்சுறேன்" என்றேன்.

சாப்பிடாமல் போய்விட்டாள். போகட்டும். என் வீட்டுக்காரர் இன்னும் என்னோடு பேசவில்லை. பொம்மி எதிலும் இடிக்காமல் போய்ச் சாமி படத்தடியில் படுத்திருக்கிறாள். எழுப்ப மாட்டேன். விளக்கை அணைத்தால் இந்த வீட்டில் வழி தெரிந்தவள் அவள் ஒருத்திதான்.