ஒண்டிக்கடையில் திறக்க வைத்த கேமரா

மே 11, ஞாயிறு

பாப்பாவுக்கு இன்றோடு ஒன்றரை வயது. இன்னும் தனியாக நிற்கவில்லை. பிடித்தால் நிற்கிறாள், விட்டால் உட்கார்ந்துவிடுகிறாள். "நானும் லேட்டாத்தான் நடந்தேனாம், எங்கம்மா சொல்லுச்சு. உடு" என்கிறார் இவர். எஸ்டேட்டில் கணக்கு எழுதுகிற ரைட்டர். ஒரு மூட்டை காப்பி கணக்கில் இடித்தால் சோறு இறங்காது. இதை மட்டும் எப்படி விட முடிகிறது?

யாரிடமும் சொல்லவில்லை. கேட்டால் "நடக்கறா நடக்கறா" என்று சொல்லி வைத்திருக்கிறேன்.

மே 14

ஒண்டிக்கடை முக்கில், காய்க்கடை முன்னால் இன்று அசிங்கமாகிவிட்டது.

காயைப் பையில் போடப் பாப்பாவைக் கடைப்படியில் இறக்கி விட்டேன். பின்னால் 'டக்' என்று ஒரு சத்தம். திரும்பினால், வெளியூர்ப் பெண் ஒருத்தி. பொம்மை மாதிரி பிளாஸ்டிக் கேமரா, பாப்பாவை நோக்கி. பாப்பா உட்கார்ந்தபடி என்னிடம் கை நீட்டிக்கொண்டிருந்தாள்.

"எடுத்தத அழிங்க."

"அழிக்க முடியாதுக்கா. ஃபிலிம்."

எங்களை வழக்கமாக ஏற்றி வரும் ஜீப்காரர் மாதேஷ் வந்துவிட்டார். "ஃபிலிமா? ஏனுங்க, எங்க தாத்தா காலத்துக் கதையெல்லாம் இங்க வந்து உடறீங்க? நெட்ல போடத்தானே?" கூட்டம் கூடிவிட்டது.

அவள் என்னைப் பார்த்தே சொன்னாள்: "பாப்பா தனியா நின்னாங்கக்கா. அழகா இருந்துச்சு, அதான்..."

"எம்பொண்ணு நிக்கவே மாட்டா! எதுக்குப் பொய் சொல்றீங்க?"

அத்தனை பேர் முன்னால். எதை மறைத்து வைத்திருந்தேனோ, அதையே நான்.

கேமராவைத் திறக்கச் சொன்னேன். திறந்தாள். சுருளை வெயிலில் இழுத்துக் காட்டினாள். "ஊர் ஊராப் போய் எடுத்ததுக்கா. வெளிச்சம் பட்டு எல்லாம் போச்சு" என்றாள். அழக்கூட இல்லை.

மே 15

ஃபிலிம் என்றாள். ஃபிலிம்தான் இருந்தது.

அப்போ அவள் சொன்ன இன்னொன்று?

மே 16

காலையிலிருந்து பாப்பாவை நிறுத்தி நிறுத்திப் பார்த்தேன். கையை எடுத்ததும் உட்கார்ந்து அழுகிறாள். நானும் அழுதேன். பக்கத்து லைன் வீட்டுக் கிருஷ்ணம்மாள் அக்கா தோட்டத்துக்குப் போகிற வழியில் எட்டிப் பார்த்தார். "கீழ உடுங்க அந்தப் புள்ளைய. உங்க இடுப்பே அதுக்குக் காலாப் போச்சு." சிரித்துக்கொண்டேதான் சொன்னார். எனக்குக் கோபம் வந்தது.

மே 20

சேலம். டாக்டர் காலை மடக்கி, நீட்டி, தட்டிப் பார்த்தார்.

"பிடிக்காம எப்பவாவது நின்னிருக்காளாம்மா?"

"நின்னிருக்கா."

"எவ்வளவு நேரம்?"

"நான் பாக்கலைங்க. வேற ஒருத்தங்க பாத்தாங்க."

"வீடியோ, போட்டோ ஏதாவது?"

இவர் என்னைப் பார்த்தார். இவருக்கு எதுவும் தெரியாது. இல்லைங்க என்றேன். இருந்தது. நான்தான் வெயிலில் காட்ட வைத்தேன்.

ஒரு மாதம் பார்ப்போம், பிறகு டெஸ்ட் எடுக்கலாம் என்றார் டாக்டர். என்ன டெஸ்ட் என்று கேட்கத் தைரியம் வரவில்லை. பஸ்ஸில் இவரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். திட்டியிருக்கலாம். பாப்பாவை வாங்கி மடியில் வைத்துக்கொண்டார், அவ்வளவுதான்.

மே 22

அந்தக் கேமராப் பெண்ணை லாட்ஜில் இறக்கிவிட்டது மாதேஷ்தான். நம்பர் வைத்திருந்தார். "நீங்க கத்துனீங்கன்னுதானுங்கக்கா நானும் கத்துனேன்" என்றார், தலையைச் சொறிந்துகொண்டு.

பெயர் பிரிஸ்கில்லா. போனில் மன்னிப்புக் கேட்டேன். "பரவால்லக்கா" என்றாள். பரவாயில்லை என்கிற குரல் இல்லை அது. கேட்க வாய் வராமல் கேட்டேன்: எப்படி நின்றாள்?

"நீங்க அந்தப் பக்கம் திரும்பி இருந்தீங்க. எதையும் பிடிக்காம எழுந்தாங்க. உங்க முதுகையே பாத்துட்டு நின்னாங்க. நான் கேமரா எடுத்து, கண்ணுல வெச்சு, எடுக்கற வரைக்கும். நீங்க திரும்பினதும் தூக்கச் சொல்லி உக்காந்துட்டாங்க."

எவ்வளவு நேரம் என் முதுகைப் பார்த்திருப்பாள்?

மே 29

கீழே விடுகிறேன். விட்டுவிட்டு உடனே பார்த்துவிடுகிறேன். பார்த்தால் கை நீட்டுகிறாள்.

ஜூன் 8

சாயங்காலம் மழை வருகிற மாதிரி இருந்தது. பாப்பாவை வாசலில் விட்டுவிட்டுக் கொடியில் துணி எடுத்துக்கொண்டிருந்தேன். பின்னால் சத்தமே இல்லை. சத்தம் இல்லாவிட்டால்தான் எனக்குப் பயம். தலையைத் திருப்பப் போனேன்.

"ஏனுங், திரும்பாதீங்க." கிருஷ்ணம்மாள் அக்கா குரல், ரகசியம் பேசுகிற மாதிரி. "நிக்குது. கையி ரெண்டும் சும்மாத்தான் இருக்குது. நிக்குது சாமி."

துணியில் முகத்தை வைத்துக்கொண்டேன். "இன்னும் நிக்குதாங்கக்கா?"

"நிக்குது."

நான் திரும்பவில்லை.