மறுபடியும் ஒரு ஸ்கேன்

விழுப்புரம்
8.7.2025

அன்புள்ள அமல்ராணி அக்காவுக்கு,

பிரியா எழுதுவது. ஆஸ்வினுக்கு இரண்டு பல் வந்துவிட்டது, என்னைத்தான் கடிக்கிறான். திண்டிவனத்திலிருந்து திரும்பி மூன்று வாரம் கழித்து எழுதுகிறேன். போனில் என்றால் அழுதுவிடுவேன்.

மாமியார் வீட்டில் வலியில் சுருண்ட அன்று, பக்கத்தில் உன் ஸ்கேன் சென்டர்தான் இருந்தது. இல்லையென்றால் வந்திருக்க மாட்டேன். பெரியம்மா பெண்ணாயிற்றே என்று மூன்று வருஷம் முன்பு உன்னிடம் வந்தேன். சினைப்பை திருகிவிட்டது என்று எழுதிக் கொடுத்தாய். வயிற்றைத் திறந்தார்கள். திருகலே இல்லை. அந்தத் தழும்போடுதான் மறுபடியும் உன் முன்னால் படுத்தேன்.

“இன்னா அண்ணி, இவ்ளோ நேரம் பாத்துக்கினே கீறீங்க? ஜல்தி சொல்லுங்க” என்று இவர் தவித்தார். “திருகல் இல்ல” என்றாய். சாயந்தரம் வரச்சொல்லிப் பார்த்தும் அதையே சொன்னாய்.

வலி போய்விட்டது, பயம் போகவில்லை. பால் குடிக்கிற பிள்ளை இருக்கிறான். மறைக்காமல் சொல்: நிஜமாகவே திருகல் இல்லையா, பழைய தப்புக்குப் பயந்து ‘இல்லை’ என்றாயா?

பிரியா

திண்டிவனம்
12.7.2025

அன்புள்ள பிரியாவுக்கு,

கேட்டாயே, அதுவே போதும். மூன்று வருஷம் முன்பு சினைப்பை வீங்கியிருந்தது; மெஷினில் ரத்த ஓட்டத்தைக் காட்டும் நிறம் தெரியவில்லை. அதை வைத்தே எழுதிவிட்டேன். மெதுவாக ஓடும் ரத்தம் தெரியும்படி மெஷினை மாற்றிப் பார்க்கவில்லை. சினைப்பையின் காம்பைத் தேடவில்லை. திருகினால் காம்புதான் சுற்றிக்கொண்டு நிற்கும். தங்கை என்ற பதற்றத்தில் அவசரப்பட்டேன். தப்பு என்னுடையது.

இந்த முறை காம்பைக் கருப்பையிலிருந்து பிடித்துக்கொண்டே போனேன். முறுக்கில்லை. ரத்தம் கசிந்த நீர்க்கட்டிதான், தானே வற்றும். பிறகும் திருகலாம் என்றுதான் சாயந்தரம் கூப்பிட்டேன். திருகியிருந்தால், நீ என்ன நினைத்தாலும் அன்றே ஆபரேஷனுக்கு அனுப்பியிருப்பேன்.

திடீரென்று வலித்தால் கடிதம் எழுதிக்கினு உட்காராதே, ஆஸ்பத்திரிக்கு ஓடு. ஆகஸ்டில் ஒருமுறை பார்க்க வேண்டும். என்னிடம்தான் என்றில்லை. ஸ்கேன் படங்களை இதோடு வைத்திருக்கிறேன்.

அமல்ராணி

விழுப்புரம்
18.8.2025

அன்புள்ள அக்காவுக்கு,

உன்னிடம் வரவில்லை. இங்கே புனிதா டாக்டரிடம் பார்த்தேன். கட்டி வற்றிவிட்டது. உன் படங்களை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தவர், “காம்ப மட்டும் தனியா நாலு படம் புடிச்சிக்கிறாங்களே, யாரும்மா அது?” என்றார்.

“எங்க அக்கா” என்றேன். வந்துவிட்டது வாயில்.

ஆஸ்வினுக்கு இன்னும் ஞானஸ்நானம் கொடுக்கவில்லை. “புள்ள நடந்தே கோயிலுக்குப் போவப்போறான்” என்கிறார் மாமியார். பிள்ளையை ஏந்தி நிற்க ஞானத்தாய் அமையவில்லை என்றே தள்ளிக்கொண்டிருந்தேன். 31ஆம் தேதி, ஞாயிற்றுக்கிழமை. பங்குச் சாமியாரிடம் உன் பெயரைக் கொடுத்துவிட்டேன்.

வெள்ளைச் சட்டை ஞானத்தாய்தான் எடுக்க வேண்டும். ஒரு வயசுப் பிள்ளை அளவாக எடு. இவனுக்கு வயிறு பெரிசு.

உன் தங்கை
பிரியா